குருவித் தீனி

தேயிலைத் தோட்டத்தில், மேற்கணக்கு லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு ஆள் பகல் இரண்டு மணிக்கு அடுப்பூதினால் அது செய்தி. அந்த ஆள் மீசை வைத்தவராகவும், ஐம்பது வயதைத் தாண்டியவராகவும், பெண்டாட்டி நல்லபடி இருப்பவராகவும் இருந்துவிட்டால் பெரிய செய்தி. வீரய்யா அடுப்புக்கு முன்னால் குந்திவிட்டார் என்ற பேச்சு நோர்வூட் டவுன் கடைகள் வரைக்கும் போய்விட்டது.

கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்குத் தோட்டத்தில் ஒரு சலுகை உண்டு. காலையில் பிரித்துக் கொடுத்த தேயிலை மரங்களைக் கத்தியால் வெட்டி முடித்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். கை வேகமான ஆள் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு லயத்துக்கு வந்துவிடுவார். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் சாயங்காலம் நிறுவை முடித்து, சாக்கை இறக்கி, மலை இறங்கி வந்து அடுப்பு மூட்டும்வரை இவர்கள் கேரம் தட்டுவார்கள், தூங்குவார்கள், தொழிற்சங்கம் பேசுவார்கள். அந்த மத்தியானப் பொழுதில் ஒரு சட்டி சோறாவது ஆக்கி வைத்தால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. வீரய்யாவும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வைத்தது அவர் மனைவி ஜீவராணியின் கண்.

ஜீவராணிக்கு இடது கண்ணில் புரை விழுந்து பால்போல வெளுத்துவிட்டது. வலது கண்ணிலும் காலைப் பனி இறங்குகிற மாதிரி ஒரு மங்கல் தொடங்கியிருந்தது. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று அவள் விரலால் தடவித்தான் எடுத்தாள். விரலுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் தண்ணீர் போகிற கானுக்குள் சாக்கோடு விழுந்து, முழங்கால் தோல் பெயர்ந்து வந்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"கண்ணுக்குச் செய்யலாம்மா. லேசான ஆபரேஷன்தான்," என்றார் கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ். "ஆனா ஒங்க ஒடம்புல சீனி இந்த அளவுல இருந்தா டாக்டர் கை வைக்க மாட்டாரு. புண் ஆறாது. சீனி எறங்கினாத்தான் தேதி போடுவாங்க. மருந்த ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன் மிஸ்."

"காலைல என்ன சாப்பிடுறீங்க?"

"ரொட்டி."

"பகலைக்கு?"

"மலையில ரொட்டி."

"ராவைக்கு?"

ஜீவராணி புருஷனைப் பார்த்தாள். "சோறு மிஸ். சில நாளு ரொட்டி."

மிஸ் சிரிக்கவில்லை. கோதுமை மாவைக் குறைக்கச் சொன்னார். பால் விடாத சாயத்தண்ணி குடிக்கும்போது உள்ளங்கையில் சீனி வைத்து நக்குவதை அறவே விடச் சொன்னார். குரக்கன், அதான் கேழ்வரகு, சாப்பிடலாம் என்றார். குரக்கன் நெஞ்சைக் கரிக்குது என்று ஜீவராணி சொன்னதும், அப்படியானால் தினை சாப்பிடுங்கள், அதுவும் அளவோடு, கீரை காய்கறியோடு என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜீவராணி கேட்டாள். "தினைன்னா வள்ளி காவல் காத்தாளே, அதுவா?"

"அதாத்தான் இருக்கும்."

"அவ காவல் காத்தா சரி. நான் எப்பங்க ஆக்குறது? விடியக் கருக்கல்ல எந்திரிச்சு ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு, பேரு குடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓடுறேன். இதுல ரெண்டாவது சட்டி வக்க எனக்குக் கை எங்க இருக்கு?"

"நான் வக்கிறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீரய்யாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. டவுனில் இறங்கியதும் நேரே ஜமால்தீன் நானா கடைக்குப் போனார்.

"நானா, தினை இருக்கா?"

"இருக்கே. ஒங்கட்ட எத்தன உருப்படி?"

"ரெண்டு பேருதான்."

"சோடி. சரி. கூண்டு பெருசா?"

"லயத்துக் காம்பரா நானா. பெருசுன்னு சொல்ல முடியாது."

ஜமால்தீன் தலையாட்டிக்கொண்டே ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். பளபளவென்று, மணல் மாதிரி கையில் வழுக்கி ஓடுகிற தானியம். வீரய்யா பஸ்ஸில் ஏறி லயம் வரும்வரை பைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் பகல் அடுப்பில் ஏற்றியது, பொழுது சாய்ந்தும் வேகவில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்தது, குடித்துக்கொண்டு அப்படியே கிடந்தது. ஜீவராணி வந்து ஒரு கவளம் வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"ஏங்க, பல்லு இடுக்கெல்லாம் தவிடு. இதுக்கு மேல்தோல் இருக்குங்க."

வீரய்யா ஒரு மணியை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினார். ஓடு பிளந்து உள்ளிருந்து மஞ்சளாக ஒரு சின்னஞ்சிறு பருப்பு வந்தது. அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை நசுக்கினார். அதிலும் இருந்தது. சாப்பாட்டை மறந்துவிட்டு அதையே நசுக்கிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்து ஜீவராணிக்குப் பயமே வந்தது.

"நானா, உள்ள மஞ்சளா ஒன்னு இருக்கு. அது மட்டும் வேணும்," என்றார் அடுத்த முறை கடையில்.

"அத எடுத்து என்ன செய்யப் போற?"

"அவுச்சுத் திங்கத்தான்."

ஜமால்தீன் தராசை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "வீரய்யா, நான் தந்தது லவ் பேர்ட்ஸ் குருவிக்குப் போடுற தீனி. அதையா ஆக்கின? பொஞ்சாதிக்குக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"ஒன்னும் ஆவலையே?"

"இன்னும் பறக்கல."

ஜமால்தீன் சிரித்து, பிறகு தன் தவறுக்கு வெட்கப்பட்டு, அனுராதபுரத்துப் பக்கம் போகிற லொறிக்காரரிடம் சொல்லி உமி நீக்கிய தினையை வரவழைத்தார். அதற்குள் 'குருவித் தீனி' என்ற பெயர் லயத்தில் நிலைத்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் பேச்சியம்மா, ஜீவராணியோடு ஒரே மலையில் கொழுந்தெடுப்பவள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் சாயங்காலம் கேட்பாள்.

"அண்ணே, இன்னைக்குக் குருவிக்கு என்ன?"

"களி."

"நேத்தும் களிதானே?"

"நேத்து வேணும்னு வச்சது. இன்னைக்கு அதுவா ஆயிருச்சு."

உமி போன தினைக்கு வேறு குணம் இருந்தது. தண்ணீர் கூடினால் கூழாகிவிடும், குறைந்தால் பல்லில் கடிபடும். வீரய்யா ஒரே டம்ளரால் தினையையும் தண்ணீரையும் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஊற வைத்துப் பார்த்தார். ஊற வைக்காமல் வெறும் சட்டியில் வறுத்துப் பார்த்தார். வறுக்கும்போது முதலில் பச்சை வாசம், அப்புறம் ஒன்றுமில்லாத வாசம், அதற்கப்புறம் திடீரென்று கடலை வறுத்த வாசம். அந்த மூன்றாவது வாசத்தில் இறக்கித் தண்ணீர் தெளித்துக் கழுவிப் போட்டால் பொலபொலவென்று வந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் சுலக்ஷனா போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு அம்மா வெள்ளை வெளேரென்ற குசினியில் நின்று முந்திரிப்பருப்பைக் கொட்டினாள். வீரய்யா ஒருமுறை பார்த்துவிட்டு, "இவ வீட்டுல பசியில்ல," என்று போனை வைத்துவிட்டார்.

விறகுதான் கடைசிச் சிக்கல். கவ்வாத்து வெட்டியபின் மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சியை மிலாறு என்பார்கள். வீரய்யா அதைத்தான் கட்டிக்கொண்டு வருவார். மிலாறு சடசடவென்று பிடித்து எரிந்து சட்டென்று அடங்கிவிடும். ரொட்டிக் கல்லுக்கு அந்தத் தீ சரி. தினைக்கு அது ஆகவில்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் அடியைப் பிடித்துவிடும். அதற்காகவே நிதானமாக எரிகிற டர்பன்டைன் மரக் கட்டை ஒன்றைப் பிளந்து வைத்துக்கொண்டார்.

மலைக்குக் கொண்டுபோகிற சாப்பாடு குளிரில் ஆறிக் கிடந்துதான் வாய்க்குப் போகும் என்பது அவருக்கு முதலில் தோன்றவில்லை. தோன்றியதும், ஆக்கியதில் ஒரு பிடியை வாசல் திண்ணையான இஸ்தோப்புக் கட்டையில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தின்று பார்த்தார். சரளைக்கல். தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தார், தேவலை. லீக்ஸை மெல்லிசாக அரிந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, இறக்கும்போது புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்து கிளறினார். மறுநாள் காலையில் அது மிருதுவாகவே இருந்தது. இஸ்தோப்பில் நின்று அத்தனையையும் அவரே தின்று முடித்தார்.

அன்றிலிருந்து ஜீவராணியின் சாப்பாட்டுப் பொட்டி வழித்துத் துடைத்த மாதிரி வெறுமையாகத் திரும்பி வந்தது. வீரய்யா அதைத் திறந்து பார்ப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டார். போஞ்சிக்காய் போட்டார், நெத்தலி பொரித்துப் போட்டார், கேரட் துருவிப் போட்டார். எதைப் போட்டாலும் பொட்டி காலி.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

அடுத்த கிளினிக்குக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மிஸ் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்து, மறுபடி ஜீவராணியைப் பார்த்தார்.

"அம்மா, இது எறங்கலையே. வந்த எடத்துலயே நிக்குது."

"தினைதான் மிஸ் சாப்பிடுறா. நானே ஆக்குறேன்," என்றார் வீரய்யா.

"பகலைக்குமா?"

"பகலைக்குத்தான் முக்கியமா."

ஜீவராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் வீரய்யாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. தினை பொய் சொல்கிறதா, மெஷின் பொய் சொல்கிறதா என்று யோசித்தார். ஜீவராணி பொய் சொல்வாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சாப்பாட்டு விஷயத்தில் அவரிடம் எதையும் சொன்னதே இல்லை, பொய்யும் சொன்னதில்லை, மெய்யும் சொன்னதில்லை.

மறுநாள் தன் பங்கு மரங்களை மூச்சுவிடாமல் வெட்டி முடித்து, கத்தியோடு நேரே பெண்கள் கொழுந்தெடுக்கும் மலைக்கு ஏறினார். நிழல் மரத்தடியில் இடுப்பில் கட்டும் படங்குகளை விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம். ஜீவராணியின் பொட்டி பேச்சியம்மாவின் மடியில் இருந்தது.

"வாங்க சமையக்காரரே," என்றாள் பேச்சியம்மா வாய் நிறைய. "ஒங்களத்தான் பேசிக்கிட்டிருந்தோம். இந்த லீக்ஸ் போட்டதுதாண்ணே நல்லா இருக்கு. நேத்து போஞ்சி போட்டதுல உப்பு பத்தல."

பொட்டி அவளிடமிருந்து அடுத்தவளுக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்தவளுக்கு. ஆளுக்கு ஒரு பிடி. ஒருத்தி விரலைக்கூட நக்கினாள். ஜீவராணியின் கையில் பேச்சியம்மா சுட்ட கோதுமை ரொட்டி, மேலே மிளகாய் இடித்த கட்டச்சம்பல். பாதி தின்றாகிவிட்டது.

வீரய்யாவுக்குக் கோபம் வந்தது, கூடவே பெருமையும் வந்து தொலைத்தது.  "உப்பு சரியாத்தான் போட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மலை இறங்கினார்.

அன்று சாயங்காலம் ஜீவராணி வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "ஏசுறதா இருந்தா ஏசிருங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்ல. பேச்சியக்கா ரொட்டியப் பிச்சு நீட்டுறா. வேணாம்னு சொன்னா எங்க கையில திங்க மாட்டியான்னு கேப்பா. யாரு கையில யாரு திங்கலங்கிறதுக்கு இந்த லயத்துல எத்தன சண்ட. ஒங்களுக்குத் தெரியாததா?"

"ஒன் பொட்டிய நீ தின்னுட்டு இருந்துருக்கலாமே."

"பொட்டிய மூடிக்கிட்டுத் தனியா திங்க எனக்கு வராதுங்க. மொத நாளு குருவித் தீனிய காட்டுன்னு சிரிக்கிறதுக்காக வாங்குனாளுக. ரெண்டாம் நாளு ருசி கண்டுட்டாளுக. இப்ப நான் வந்து ஒக்காரும்போதே பொட்டிக்குக் கை நீளுது. நீங்க நல்லா ஆக்குறீங்க. வம்பே அதுதான்."

வீரய்யா அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டார். பிறகு கேட்டார். "அப்ப அவளுகளுக்குப் புடிக்காத மாதிரி ஆக்கணும். ஒனக்கு மட்டும் புடிக்கிற மாதிரி. ஒனக்கு என்ன புடிக்கும்?"

"எனக்கென்ன. எல்லாந்தான்."

"எல்லாம் வேணாம். ஒன்னு சொல்லு."

ஜீவராணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். அவளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று அவள் வருந்தியதும் இல்லை. ஆனால் பதில் மட்டும் அவளிடம் தயாராக இருந்தது.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"அடிப்புடிச்சது."

"என்ன?"

"சட்டி அடியில புடிக்குமே. சோறோ கெழங்கோ, அத கரண்டியால சொரண்டித் திங்கணும். அதுதான் எனக்கு உசிரு. கூட ஒரு பாவக்கா வறுவல் இருந்துட்டா வேற ஒன்னும் வேணாம்."

வீரய்யாவுக்கு நம்ப முடியவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஜீவராணியை அவர் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். "வீணாப் போகக் கூடாதுன்னு நீ அதத் திங்கிறன்னுல்ல நெனச்சேன். பாவம்னு இருக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நானும் விட்டுட்டேன். புடிக்கும்னு சொன்னா பங்குக்கு வந்துருவீங்கள்ல."

"சோத்த அடிப்புடிக்க விட்டுட்டன்னு எத்தன நாளு ஒன்ன ஏசியிருக்கேன்."

"ஏசுவீங்க. சில நாளு நான் வேணும்னேதான் விட்டது," என்றாள் ஜீவராணி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

கருக்குவது சுலபம் என்று நினைத்தால் அது முட்டாள்தனம். முதல்நாள் சட்டி கரியானது, தினை கசந்து தொண்டையை அறுத்தது. அடுத்த நாள் மேல் பாகத்திலும் புகை ஏறிவிட்டது. மூன்றாவது வாசத்தைக் கண்டுபிடித்த மூக்கு இப்போது நாலாவதைத் தேடியது. கடைசியில் வழி மிலாறில்தான் இருந்தது. டர்பன்டைன் கட்டையின் தீயில் தினையை நிதானமாக வேக வைத்து, தண்ணீர் சுண்டியதும் இரண்டு கை மிலாறை உள்ளே திணித்தார். தீ சட்டென்று எழும்பிச் சட்டியின் அடியை நக்கிவிட்டு அடங்கியது. அடியில் தகடு மாதிரி ஒரு பொருக்கு கட்டிக்கொண்டது. 

"அண்ணே, சட்டி கருகுது," என்று மலையிலிருந்து வந்திருந்த பேச்சியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"தெரியும் தங்கச்சி."

"எறக்கலையா?"

"இன்னும் கொஞ்சம் கெடக்கு."

விடிந்ததும் பொருக்கை உடைத்துப் பொட்டியில் அடுக்கி, கறுக்க வறுத்த பாகற்காயை மேலே வைத்தார். மலையில் நடந்ததை அன்று சாயங்காலம் ஜீவராணி வந்து சொன்னாள். பேச்சியம்மா ஒரு துண்டைக் கடித்து, பாகற்காயோடு சேர்த்து மென்று, முகத்தைச் சுளித்தாளாம். அண்ணனுக்குக் கை விட்டுப்போச்சா என்று கேட்டாளாம். பொட்டி ஒரு சுற்றுக்கூடப் போகாமல் திரும்பி வந்துவிட்டது.

"ரொட்டி நீட்டுனாளா?"

"நீட்டாம இருப்பாளா. இதத் திங்கிறேன்னு பாவப்பட்டு ரெண்டா நீட்டுனா. கண்ணுக்குச் செய்யிற மட்டும் இதுதாங்க்கா எனக்குச் சாப்பாடுன்னேன். அவ கையில நகத்தளவு பிச்சு வாங்கி வாயில போட்டுக்கிட்டேன். அவ மனசும் நோகல."

பேச்சியம்மா அன்றிரவு வாசலுக்கு வந்து, அந்த லீக்ஸ் போட்டதை எப்படி ஆக்குவது என்று வீரய்யாவிடம் கேட்டுப் போனாள். அவர் டம்ளர் கணக்கு முதல் தேசிக்காய் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். மிலாறைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அதற்கடுத்த கிளினிக்கில் மிஸ் மெஷினைப் பார்த்துவிட்டு உள்ளே எழுந்து போனார். வீரய்யா இந்தத் தடவை வெள்ளைச் சட்டை போடவில்லை. திரும்பி வந்த மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பு இருந்தது. "இன்னும் கொஞ்சம் கூடத்தான். ஆனா நல்லா எறங்கியிருக்கு. டாக்டர் தேதி போடலாம்னு சொல்லிட்டாரு. மருந்தையும் சாப்பாட்டையும் இப்படியே வச்சுக்கங்க." வீரய்யா வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதிலைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கொஞ்ச நாள் கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, புகைப் பக்கம் போகக் கூடாது என்ற உத்தரவு. எல்லாம் முடிந்த அன்று பகல் ஜீவராணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். வெளியே மழை விட்டு வெயில் அடித்தது. அவள் சுவரைப் பார்த்தாள், கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

"இம்புட்டுக் கரியா இந்தச் செவத்துல?"

"எப்பவும் இருக்கிறதுதான்."

குனிந்து சட்டிக்குள் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இத்தன நாளா இந்தக் கறுப்பா எனக்குக் குடுத்தீங்க? பொன்னெறத்துல இருக்கும்னுல்ல நெனச்சுத் தின்னேன்."

"நீ கேட்டதுதான. கண்ணு தெரிஞ்சதும் வேணாமா?"

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரல் முட்டியெல்லாம் தீப்பட்டு ஆறிய வடு, ஒன்றின்மேல் ஒன்று. கவ்வாத்துக் கத்தி கிழித்த பழைய கோடுகள் அவளுக்குத் தெரியும். இவை புதிது.

"இதெல்லாம் எப்ப?"

"மிலாறு தீ. அது ஆளப் பாக்காது."

ஜீவராணி கையை விட்டுவிட்டு அடுப்போரமாக உட்கார்ந்தாள். கரண்டியால் சட்டி அடியைச் சுற்றிலும் கிளப்பினாள். பொருக்கு உடையாமல் முழுசாக எழும்பி வந்தது. அதை இரண்டாக உடைத்து, எது பெரிது என்று நன்றாகப் பார்த்து, பெரியதை அவரிடம் நீட்டினாள்.

வீரய்யா கடித்தார். இவ்வளவு நாள் ஆக்கியும் இதை அவர் ருசி பார்த்ததில்லை, முகர்ந்ததோடு சரி. முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் லேசான கசப்பு, மெல்ல மெல்ல அடியிலிருந்து ஒரு இனிப்பு. தின்று முடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.

"போதும்," என்றாள் ஜீவராணி. "இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்." தன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.